யாருடைய அஜாக்கிரதை

ஜனவரி 22, புதன்

அம்மாவின் கொண்டையில் ஒரு உளுந்து நெற்று சிக்கியிருந்தது. ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது அதைத்தான் முதலில் பார்த்தேன். காய்ந்து கறுத்த நெற்று, பாதி வெடித்திருந்தது. ரத்தத்தைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு கூடவே நடந்தேன். எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். நர்ஸ் "கையை எடும்மா" என்றார். எடுத்துவிட்டேன்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். நாலு பேர் கேட்டால் எனக்குப் பேச்சு மாறிவிடும். நானும் அம்மாவும் இருட்டத் தொடங்கும் நேரத்தில் டவுன் சேவுக் கடையிலிருந்து கிளம்பினோம். அம்மா அங்கே எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று காரச்சேவு தேய்க்கிறவள். நான் பொட்டலம் கட்டுகிறவள். ஒன்பதாம் வகுப்போடு நின்றதிலிருந்து இதே வேலைதான். அம்மா மொபெட் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு முந்தின ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் வண்டி எதிலோ ஏறி இறங்கியது. அம்மா வலது பக்கம் விழுந்தாள். நான் ரோட்டோரத்தில் குவித்திருந்த உளுந்துச் சருகு மேல் விழுந்தேன். எனக்கு முட்டியில் சிராய்ப்பு மட்டும்.

கொஞ்ச நேரம் கழித்துப் பால் வேன் வந்தது. ஓட்டி வந்தது நாயகம் அண்ணன். கோமதிநாயகம் என்பது முழுப் பெயர். கேன்களை ஒதுக்கி, அம்மாவைத் தூக்கிப் படுக்கவைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது அவர்தான். வேனுக்குள் அம்மா கண்ணைத் திறந்து, "நாய் குறுக்க வந்துச்சு" என்றாள். டாக்டரிடமும் அதையே சொன்னாள். அவரும் எழுதிக்கொண்டார்.

நான் நாயைப் பார்க்கவில்லை.

அப்பா ஓடி வந்தார். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "எந்த இடத்துல தாயி?" என்றுதான் கேட்டார். "பாலம் தாண்டி" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரி 23, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. முழங்கையில் பிளேட் வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் நாயைப் பற்றிக் கேட்கிறார்கள். செவலை நாய் என்று அப்பா வராந்தாவில் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா கருப்பு நாய் என்று சொன்னாள். நாங்கள் விழுந்தபோது அப்பா அங்கே இல்லவே இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

குளிக்கவும் கஞ்சி வைக்கவும் வீட்டுக்கு வந்தேன். அப்பா மீதி உளுந்துச் செடியை முற்றத்தில் போட்டுக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வேர்வை. ஊரில் யாரும் இப்போது கம்பால் அடிப்பதில்லை. எல்லோரும் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். லாரியும் பஸ்ஸும் ஏறிப் போய் நெற்றை உடைத்துக் கொடுக்கும். வண்டிகள் ஒதுங்கிப் போவதற்கு ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பார்கள். சாயங்காலம் உளுந்தை அள்ளினாலும் கல்லை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் மறுநாள் வேறு ஆள் அங்கே பரப்பிவிடுவான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான் அது. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"ஏம்ப்பா கம்பால அடிக்கீங்க?" என்று கேட்க நினைத்தேன். கஞ்சியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 25, சனி

பாலத்தைத் தாண்டி நடந்து போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. தாரில் தூசி படியாத வட்டங்கள் மட்டும் ஒரே வரிசையாக இருந்தன.

ஜனவரி 27, திங்கள்

சேர்மக்கனி என்று ஒருவர் வார்டுக்கு வந்தார். வக்கீல் குமாஸ்தா என்றார். விபத்தில் அடிபட்டு யார் வந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும் என்று பக்கத்துக் கட்டில் அக்கா சொன்னாள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கக்கத்தில் ஒரு தோல் பை. அப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார்.

"அய்யாச்சாமி, நாய்க்கு இன்சூரன்ஸ் கிடையாது. நாய்க்குச் சம்மன் அனுப்புனா அது வாய்தாவுக்கு வருமா? வந்தாலும் ஜட்ஜைப் பாத்துக் குலைக்கும்."

பக்கத்துக் கட்டில் அக்கா சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். சிரித்ததும் கை வலித்து முகம் சுருங்கிவிட்டது.

அவர் விரலை மடக்கிச் சொன்னார். "அடிபட்டதுக்குக் காசு கிடையாது. அடிபட்டதுக்கு இன்னொருத்தன் காரணமா இருந்தாத்தான் காசு. அவனுக்கு ஒரு கடமை இருக்கணும். அதுல அவன் அஜாக்கிரதையா இருந்திருக்கணும். அந்த அஜாக்கிரதையாலதான் உங்க வீட்டம்மா கை ஒடிஞ்சிருக்கணும். மூணும் கோத்து வந்தா மாலை. ஒண்ணு அறுந்தாலும் உதிரிப்பூதான்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வேணும்னு செஞ்சாத்தான அண்ணாச்சி குத்தம்?"

"வேணும்னு செஞ்சா அது வேற செக்‌ஷன். இது வேணும்னு செய்யாதது. இப்படிச் செஞ்சா இன்னொருத்தனுக்கு அடிபடுமேன்னு சாதாரண மனுசன் யோசிப்பான்ல, அதை யோசிக்காம விட்டது. நல்ல மனுசன்கூட அஜாக்கிரதையா இருப்பான்."

"ஊரே அப்படித்தான் செய்யுதுன்னா?"

"எதை?"

"சும்மா கேட்டேன்."

"ஊரே செஞ்சா ஊரே அஜாக்கிரதை. அதுல என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, உங்க பக்கம் உளுந்து காயப்போடுற சீசனாச்சே. ரோட்டுல கல்லு கில்லு கிடந்துச்சா?"

"இல்ல" என்றாள் அம்மா. "இல்ல" என்றார் அப்பா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"கிடந்தாலும் பிரயோஜனம் இல்ல. கல்லு வச்சவன்கிட்ட என்ன இருக்கும்? உளுந்து இருக்கும்." அவரே சிரித்துக்கொண்டார். "ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?"

"இருந்துச்சு" என்றாள் அம்மா.

"தலையிலயா?"

"ஹேண்டில்ல."

வீட்டுக்குக் கொண்டுவரும் சேவுப் பொட்டலம் நசுங்காமல் இருக்க அம்மா அதை ஹெல்மெட்டுக்குள் வைத்துத்தான் கொண்டுவருவாள்.

"அப்ப சேவுக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லுங்க" என்றார் சேர்மக்கனி. "அது உங்க பங்கு அஜாக்கிரதை. அதுக்கும் ஒரு பகுதியைக் கழிப்பான். ஆனா அடி கையிலதான, பாத்துக்கிடலாம்."

போகும்போது என்னைப் பார்த்து, "பாப்பா பேசவே மாட்டேங்குதே" என்றார். எல்லோரும் சொல்வதுதான்.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று வார்டைக் கழுவிவிட்டார்கள். ஈரமாக இருந்தது. யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்களோ என்று பழைய துணியால் துடைத்தேன். கதவுப் பக்கமும் துடைத்தேன். பக்கத்துக் கட்டில் அக்காவின் வெந்நீர்ச் சொம்பு விளிம்பில் இருந்தது. உள்ளே தள்ளி வைத்தேன். ஜன்னல் பக்கம் ஒரு ஊசிமூடி கிடந்தது. அதையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். "ஏம்மா, எதுக்கு எல்லாத்தையும் போட்டு நோண்டிக்கிட்டே இருக்க? போய் உக்காரு" என்று ஆயா சத்தம் போட்டார்.

உட்கார்ந்தால் சேர்மக்கனி சொன்ன மூன்றும் மனசுக்குள் ஓடுகிறது. சொம்பை விளிம்பில் வைத்தவருக்குக் கடமை உண்டு. ஆனால் யார் மேலும் விழவில்லை. அப்போது அது அஜாக்கிரதை இல்லையா? யாருக்கும் அடிபடாத வரைக்கும் அது வெறும் சொம்புதானா? எத்தனை வருஷமாக எத்தனை கல் ராத்திரியெல்லாம் ரோட்டில் கிடந்திருக்கிறது. அப்போது அதன் பெயர் இடம் பிடிப்பது.

எதிலோ ஏறி இறங்கியது என்று முதலில் எழுதியிருந்தேன். கல்லில் ஏறி இறங்கியது. விழுந்து கிடந்தபோது என் கைக்குப் பக்கத்தில் இன்னும் சில கற்கள் வரிசையாக இருந்தன. அவ்வளவுதான் எழுதுவேன்.

ஜனவரி 30, வியாழன்

சேர்மக்கனி மறுபடியும் வந்தார். அப்பாவை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர்கள் குரல் கேட்டது.

"வேலை சுலபமாயிட்டு அய்யாச்சாமி. உங்க வீட்டம்மாவைக் கொண்டாந்த பால் வேன் நம்பர் இங்க பதிவாயிருக்கு. வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்புல இருக்கு. எதுத்தாப்புல வந்து இடிச்சிட்டான்னு எழுதுவோம். பால்பண்ணை முதலாளிட்டப் பேசிட்டேன். அவருக்கு என்ன, கம்பெனிதான கட்டப்போவுது."

"அந்தத் தம்பி காப்பாத்துன ஆளு அண்ணாச்சி."

"காப்பாத்துனவன்தான். யாரு இல்லன்னா? இடிச்சவன் ஓடிப் போகாம அவனே கொண்டாந்து சேத்தான்னு எழுதுறேன். அவனுக்கும் கௌரவம்தான?"

அப்பா செருப்பைத் தரையில் தேய்ப்பது கேட்டது.

"ஒப்புக்கிட்டு ஃபைனைக் கட்டிருவான். இது என்ன கொலைக் கேஸா? நாய் கதையை மயக்கத்துல சொன்னதுன்னு சொல்லிக்கிடலாம். ஆஸ்பத்திரியில கிடந்ததால புகார் தாமதம்னு ஒரு வரி போட்டா சரியாப் போச்சு. ஒரே ஒரு சாட்சி வேணும். பின்னால உக்காந்திருந்தது உங்க பொண்ணுதான?"

"அது பேசாது அண்ணாச்சி. கூச்சம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. பேசுற சாட்சிதான்யா ஆபத்து. தலையாட்டினாப் போதும்."

குழாயை மூடிவிட்டேன். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் திறந்துவிட்டேன்.

பிப்ரவரி 1, சனி

நாயகம் அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு அம்மாவைப் பார்க்க வந்தார். அவரிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"என்னக்கா, சேவு எப்பப் போடுவீங்க? டவுன்ல ஒரு பயலும் உங்கள மாதிரி மொறுமொறுன்னு போட மாட்டேங்கான்."

"வருவேன் தம்பி. கை வளையட்டும்."

"அன்னைக்கு ஒரு கேன் கவுந்துபோச்சுல்ல. பாலுக்குப் பதிலா முதலாளி என்னைப் போட்டுக் கறந்தாரு."

அம்மா சிரித்தாள். அவர் கட்டில் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டே சொன்னார். கவர்மெண்ட் பஸ் டிரைவர் வேலைக்குத் தேர்வாகிவிட்டாராம். போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கியாம். "மேல கேஸ் எதுவும் உண்டான்னு பாப்பாங்க. நம்ம மேல என்ன கேஸு இருக்கு? கொசு அடிச்ச கேஸுதான்."

அப்பா டீ வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார். நாயகம் அண்ணன் கிளம்பிப் போன பிறகுதான் வந்தார். கையில் டீ இல்லை.

ஆரஞ்சை உரித்து அம்மாவுக்குக் கொடுத்தேன். எனக்கும் ஒரு சுளை கொடுத்தாள். அதைத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். அப்பா மருந்து வாங்கப் போயிருந்தார். அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"ஏட்டி ஆவுடை, நீ அந்தக் கல்லைப் பாத்தியா?"

சீப்பு நின்றுவிட்டது.

"பாத்திருப்ப. எனக்குத் தெரியும். அது நம்ம கல்லு. உங்கப்பா வச்சது. அதுலதான் விழுந்தோம்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சுதுன்னா மனுசன் சோறு தண்ணி இறங்காமச் செத்துருவாரு. அதான் நாய்னு சொன்னேன். நீயும் அவர்கிட்ட நாய்னே இரு."

அப்பா முதலில் கேட்டது எந்த இடம் என்றுதான். நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சிக்கெடுத்தேன்.

"நாயகம் அண்ணனுக்குப் பஸ் வேலை கெட்டுப்போகும்மா" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"உங்கப்பா சொன்னாரே, ஃபைன் கட்டினா முடிஞ்சிருமாம்ல."

"கேஸ் இருக்கான்னு பாப்பாங்கன்னு அவரே சொன்னாருல்ல."

அம்மா தன் கையைப் பார்த்தாள். கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் வீங்கி இருந்தன.

"எனக்கு என்ன தெரியும் ஆவுடை? சட்டி முன்னால நிக்கத் தெரியும். அதுவும் போச்சுன்னா எனக்கு யாரு குடுப்பா? நாயா குடுக்கும்?"

கொண்டை போட்டுவிட்டேன். சரியாக வரவில்லை. அவிழ்த்து மறுபடியும் போட்டேன்.

சட்டப்படி அம்மா அப்பாவிடம் நஷ்டஈடு கேட்க வேண்டும். அப்பா கொடுத்தால் அம்மா எங்கே வைப்பாள்? இரண்டு பேருக்கும் ஒரே அலமாரி.

பிப்ரவரி 4, செவ்வாய்

அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசல்படியில் கிடந்த செருப்புகளை எல்லாம் ஓரமாக எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கடைக்கு வேலைக்குப் போனேன். அம்மா இடத்தில் வேறு ஒருவர் நின்று தேய்க்கிறார். சேவு தடிமனாக விழுகிறது. கடை முதலாளி அதைப் பார்த்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார்.

மத்தியானம் நாயகம் அண்ணன் வந்தார். சிரிக்கவில்லை. "கால் கிலோ குடு புள்ள" என்றார். நிறுத்தேன்.

"முதலாளி கூப்பிட்டுச் சொல்லுதாரு, நான்தான் உங்க அம்மாவை இடிச்சேனாம். எனக்கே தெரியாம இடிச்சிருக்கேன் பாரு."

நான் பொட்டலத்தை மடித்தேன்.

"ஒத்துக்கிடலன்னா வேன் சாவியை வச்சிட்டுப் போன்னு சொல்லுதாரு. ஒத்துக்கிட்டா பஸ்ஸு போச்சு. நான் வரும்போது நீங்க ரெண்டு பேரும் கீழ கிடந்தீங்க. உங்க அம்மா செருப்பு ஒண்ணு நடு ரோட்டுல கிடந்துச்சு. அதைப் பாத்துத்தான பிரேக்கைப் போட்டேன். நீ பாத்தேல்ல?"

தலையாட்டினேன்.

"வாயால சொல்லு புள்ள."

சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் நின்றார். இன்னொரு ஆள் வந்து அரைக் கிலோ கேட்டார். அதற்குப் பிறகும் நின்றார்.

"ஒன்னைக் குத்தம் சொல்லல. சின்னப் புள்ள நீ. ஆனா அங்க இருந்த ஆளு நீ ஒருத்திதான்."

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார். நூலை இறுக்கிச் சுற்றியதில் என் விரலில் கோடு விழுந்திருந்தது. எதற்கு அவ்வளவு இறுக்கினேன் என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல என்னால் முடியாது. கை மட்டும் தூக்குவேன். புதிதாக வந்த சார் பார்க்காமல் வராதவள் என்று போட்டுவிடுவார். முழு நாளும் வகுப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு வராதவளாக வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

தையல் பிரித்தார்கள். கை எவ்வளவு மடங்கும் என்று டாக்டர் பார்த்தார். பயிற்சி செய்தால் கொஞ்சம் சரியாகும், முழுதாகப் பழையபடி வருவது கஷ்டம் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மா வெறும் கரண்டியை எடுத்து அடுப்படியில் நின்றாள். சேவு தேய்க்கிற மாதிரி கையை முன்னால் தள்ளிப் பார்த்தாள். முழங்கை பாதியில் நின்றுவிட்டது. இன்னொரு தடவை தள்ளினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். முற்றத்தில் அப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்த்ததை அம்மா பார்க்கவில்லை.

சாயங்காலம் சேர்மக்கனிக்குப் போன் செய்து, "சரி அண்ணாச்சி, திங்கக்கிழமையே வச்சிக்கிடுவோம்" என்றார் அப்பா.

பிப்ரவரி 9, ஞாயிறு

அப்பா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். புடைப்பது அம்மா வேலை. அவருக்குச் சுளகு பிடிக்கத் தெரியாது, பாதி வெளியே சிதறியது. நான் வாங்கிக்கொண்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிதறினதைப் பொறுக்கினார்.

"நாளைக்கு ஸ்டேஷன்ல நீ ஒண்ணும் பேச வேண்டாம் தாயி. எல்லாம் எழுதிக் கொண்டாந்திருவாரு. ஏட்டம்மா படிச்சுக் காட்டுவாங்க. தலையாட்டினாப் போதும்."

சுளகைத் தட்டினேன். உமி பறந்து அவர் தலையில் விழுந்தது. தட்டிவிட்டுக்கொள்ளவில்லை.

"கல்லையெல்லாம் எங்கப்பா போட்டீங்க?" என்றேன்.

பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போய்விட்டது.

"ஓடையில" என்றார். பிறகு, "மறுநாளும் அந்த இடம் வேணும்னு நினைச்சேன் தாயி. பாலத்துப் பக்கம் வெயில் நல்லா அடிக்கும். அவ்வளவுதான் நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கல."

வேற ஒன்றும் நினைக்காததற்குத்தான் அந்தப் பெயர் என்று சேர்மக்கனி சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

"உங்க அம்மாவுக்குத் தெரியாதுல்ல?"

தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று தெரியவில்லை. அவர் அதைத் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டார்.

என் தலையாட்டலை எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் அம்மா இடது கையால் எனக்கு விபூதி பூசிவிட்டாள். "பயப்படாத" என்றாள். எதற்குப் பயப்படக் கூடாது என்று சொல்லவில்லை.

ஸ்டேஷனில் ஏட்டம்மா இருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. என்னை அதில் உட்காரச் சொன்னார். சேர்மக்கனி என் பின்னால் நின்றார். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். நாயகம் அண்ணன் வேப்பமரத்தடியில் தன் முதலாளியோடு நின்றதை உள்ளே வரும்போதே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

சேர்மக்கனி கொடுத்த தாளை ஏட்டம்மா வேகமாகப் படித்தார். நானும் என் தாயாரும் வந்துகொண்டிருந்தபோது எதிரே அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வரப்பட்ட பால் வேன் எங்கள் வாகனத்தின் மீது மோதி, என்று இருந்தது. எதிரே அது வரவே இல்லை. அதிவேகமும் இல்லை. அந்தத் தாளில் அஜாக்கிரதை என்ற ஒரு வார்த்தைதான் உண்மை. அதையும் வேறு ஆள் பெயரில் எழுதியிருந்தார்கள்.

"நீ சொன்னதுதானம்மா இது?" என்று கேட்டுக்கொண்டே ஏட்டம்மா பேனாவை என் பக்கம் நீட்டினார்.

என் தலை கொஞ்சம் அசைந்தது. தானாக அசைந்தது. பிறகு நான் அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"இல்லைங்க" என்றேன்.

"என்ன?"

சத்தமே வரவில்லை போலிருக்கிறது. மறுபடியும் சொன்னேன்.

"பயந்துபோச்சும்மா. புள்ளைக்கு அன்னையிலேருந்தே ஒரு மாதிரி" என்றார் சேர்மக்கனி.

"உங்களுக்கு ஒரு மாதிரியும் இல்லல்ல? கொஞ்சம் வெளிய நில்லுங்க."

அவர் போனார். ஏட்டம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இப்பச் சொல்லு. மெதுவாச் சொல்லு, எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

"வேன் இடிக்கல. நாங்க விழுந்த பொறவுதான் வந்துச்சு. அந்த அண்ணன்தான் தூக்கிட்டுப் போனாரு."

"அப்ப எப்படி விழுந்தீங்க? ஆஸ்பத்திரியில நாய்னு எழுதியிருக்கு."

"நாய் இல்ல. கல்லு."

"என்ன கல்லு?"

"உளுந்துக்கு வைக்கிற கல்லு."

"யாரு வச்சது?"

வாசலில் அப்பா வெறுங்காலோடு நின்றார். அவருக்குக் கேட்டிருக்கும். அப்பா என்று சொல்ல நாக்கு வரவில்லை. கண்ணை மேசை மேல் வைத்துக்கொண்டேன்.

"எங்க கல்லு" என்றேன். "மறுநாளைக்கு இடம் வேணும்னு விட்டது."

ஏட்டம்மா பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"நீங்கதான் இந்தப் புள்ளையோட அப்பாவா? உள்ள வாங்க."

அப்பா வந்தார். மேசைக்கு முன்னால் நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

நான் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.